செவிக்கு இசைந்த கருவி

கேட்பதற்கென மனிதன் செய்துகொண்ட கருவிகள் பல. கோயில் வீதியில் கட்டிய ஒலிபெருக்கி ஊருக்குப் பேசுகிறது. கூடத்தில் இருக்கும் வானொலிப் பெட்டி வீட்டுக்குப் பேசுகிறது. தலையில் மாட்டிக் காதில் வைத்துக் கேட்கும் ஹெட்போனோ ஒருவருக்கு மட்டுமே பேசுகிறது. ஒருவருக்கு மட்டும் பேசுவது ஆதலால், அந்த ஒருவருடைய காது, அவர் இருக்கும் இடம், அவர் கேட்க விரும்பும் பொருள் ஆகிய மூன்றையும் அறிந்த பின்னரே அதனைத் தெரிந்தெடுத்தல் வேண்டும். விலையையும் பெட்டியின்மேல் அச்சிட்ட பெயரையும் மட்டும் நம்பி வாங்குவோர் பலர், நல்ல கருவியை வாங்கியும் நல்ல ஒலியைக் கேளாதவராய் இருக்கின்றனர். குறை கருவியில் இல்லை, பொருத்தத்தில் உள்ளது.

இந்தப் பொருத்தத்தை விளக்குவதற்கு மண்டைதீவைப் போன்ற ஓர் இடம் மிகவும் உதவும். யாழ்ப்பாண நகரின் தென்மேற்கே, பண்ணைக் கடலுக்கு அப்பால் கிடப்பது அத்தீவு. தீவகத்தின் தீவுகளுள் நகருக்கு மிக அண்மையில் இருப்பதும் அதுவே. அங்கே காற்று ஓய்வதில்லை. ஆண்டின் நடுப்பகுதியிற் சோளகம் வீசுகிறது. ஆண்டின் முடிவிலே வாடை வீசுகிறது. பனையோலைகளின் சலசலப்பு இரவும் பகலும் கேட்கிறது. விடியற்காலையில் மீன்பிடி வள்ளங்களின் இயந்திர ஒலி எழுகிறது. வீடுகளும் வெப்பத்துக்காகக் காற்றோட்டமாகக் கட்டப்பட்டவை. நான்கு சுவருக்குள் அடைபட்ட நகரத்து அறையை மனத்திற்கொண்டு எழுதப்பட்ட ஆலோசனைகள் அத்தகைய வீட்டு விறாந்தைக்கு அப்படியே பொருந்திவிட மாட்டா.

இங்கே கேட்கப்படும் பொருளும் எளிய பொருளன்று. 1990ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் தீவகத்துட் போர் புகுந்தபோது, மண்டைதீவு மக்கள் தம் வீடுகளை விட்டு இடம்பெயர்ந்தனர். பின்னர் திரும்பி வந்தோரும் உளர். கடல் கடந்து சென்று அங்கேயே வாழ்வோரும் உளர். அக்காலத்தில் ஒலிநாடாவிற் குரலைப் பதிந்து, கடிதத்துக்குப் பதிலாக ஒருவருக்கொருவர் அனுப்பும் வழக்கம் புலம்பெயர்ந்த தமிழரிடையே பரவலாக இருந்தது. இன்று அந்தக் கசெற்றுகள் பல வீடுகளின் அலுமாரிகளிற் கிடக்கின்றன. பேசியவர்களுட் பலர் இப்போது இல்லை. இரைச்சலுக்குள் மங்கிக் கிடக்கும் அந்தக் குரல்களைக் கேட்டு எழுதிவைக்க விரும்பும் ஒருவருக்கு, ஹெட்போனைத் தெரிந்தெடுப்பது பொழுதுபோக்கு அன்று.

பொருத்தம் என்பது புதிய கேள்வியும் அன்று. இலங்கையில் வானொலி தோன்றிய காலத்திலேயே அது தோன்றிவிட்டது. எட்வேட் ஹாப்பரின் முயற்சியினால் 1920களின் முற்பகுதியில் பரிசோதனை ஒலிபரப்புகள் நிகழ்ந்தன. 1925 டிசம்பர் 16ஆம் தேதி கொழும்பு வானொலி முறையாகத் தொடங்கியது. அந்நாளிற் பலர் கேட்டது படிகப் பெட்டியினாலே. படிகப் பெட்டிக்கு மின்கலமும் இல்லை, பெருக்கியும் இல்லை. வானத்திலிருந்து கம்பி வாங்கித்தரும் மிகச் சிறிய மின்சக்தி ஒன்றே அதன் முழுச் செல்வம். அந்தச் செல்வத்தை வீணாக்காமற் செலவிட வேண்டுமாயின், மிகக் குறைந்த மின்னோட்டத்திலே இயங்கும் ஹெட்போன் வேண்டும். ஆகவே மெல்லிய கம்பியை ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றி, 2000 முதல் 4000 ஓம் வரையான மின்மறுப்பு உடையனவாக அக்கால ஹெட்போன்களைச் செய்தனர். குறைந்த மின்மறுப்புடைய கருவியொன்றை அங்கே தொடுத்தால் ஒலி அடங்கிப்போகும்.

படிகப் பெட்டி நிலையத்துக்கு அண்மையில் இருந்தோருக்கே நன்கு உதவியது. கொழும்புக்கும் யாழ்ப்பாணத்துக்கும் இடையே நேர்கோட்டில் ஏறக்குறைய 300 கிலோமீற்றர் தூரம் உண்டு. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் மெலிந்த அலையைப் பேச்சாக மாற்ற வால்வுகள் பொருத்திய பெருக்கி தேவைப்பட்டது. பெருக்கி வந்ததும் ஒலிபெருக்கி வந்தது. ஹெட்போன் சிலகாலம் பின்தள்ளப்பட்டது. மூலம் மெலிந்தபோது கேட்கும் கருவியை அதற்கு ஏற்பச் செய்தனர். தூரம் மிகுந்தபோது இடையிலே பெருக்கியை வைத்தனர். இன்றைய கேள்வியின் முழு வடிவமும் அக்காலத்திலேயே இருந்தது.

அதே பாடத்தை யாழ்ப்பாணக் குடாநாடு மிகவும் கடினமான முறையில் மீண்டும் கற்றது. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியிற் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்கு மின்சாரம் இல்லாமற் போயிற்று. பற்றரிகளும் தடைசெய்யப்பட்ட பொருள்களுள் அடங்கின. ஆயினும் செய்தி கேளாமல் மக்களால் இருக்க முடியவில்லை. சைக்கிளை நிறுத்தி அதன் பெடலைச் சுழற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தால் வானொலியை இயக்கினர். ஒருவர் மிதிக்க, வீட்டாரும் அயலாரும் சுற்றியிருந்து செய்தி கேட்டனர். தீவகத்திலிருந்து இடம்பெயர்ந்து குடாநாட்டிலே தங்கியிருந்தோரும் இவ்வாறே கேட்டனர்.

இதில் உள்ள நுட்பம் கவனிக்கத்தக்கது. சைக்கிள் டைனமோ விளக்கு எரிப்பதற்காகச் செய்யப்பட்டது. 6 வோல்ற், 3 வாற் என்பது அதன் பொதுவான அளவு. அது தருவதோ திசைமாறும் மின்சாரம். வானொலி கேட்பதோ ஒருதிசை மின்சாரம். ஆகவே டயோட்டுகளால் அதனை ஒருதிசைப்படுத்தி, மின்தேக்கியொன்றினால் ஏற்றத் தாழ்வைத் தணிக்க வேண்டியிருந்தது. இன்னும் ஒன்று உண்டு. டைனமோவின் மீது விளக்கின் சுமை இருக்கும்போது அதன் அழுத்தம் கட்டுக்குள் நிற்கும். மிகக் குறைந்த மின்சாரம் குடிக்கும் சிறு வானொலியை மட்டும் தொடுத்து வேகமாக மிதித்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். பெட்டியின் உயிருக்கே ஆபத்து. சிறிய விளக்கொன்றையும் கூடவே தொடுத்தால் அந்த ஏற்றம் அடங்கும். சக்தி கூடுதலாக இருப்பது நன்மை அன்று, சுமைக்கு ஏற்ற சக்தி இருப்பதே நன்மை என்பதைப் பள்ளிக்கூடம் போகாத கைகளும் அந்நாட்களிற் கற்றுக்கொண்டன.

இனி ஹெட்போன்களின் வகைகளைப் பார்க்கலாம். ஒவ்வொரு காதுக்கும் எதிரே ஒரு மெல்லிய சவ்வு அதிர்கிறது. அது முன்னோக்கி ஒலி எழுப்பும்போதே பின்னோக்கியும் ஒலி எழுப்புகிறது. முன்னால் எழுவது காதுக்குச் செல்கிறது. பின்னால் எழுவதை என்ன செய்வது என்பதிலேதான் வகைகள் பிரிகின்றன. பின்புறத்தைக் கிண்ணம்போல அடைத்துவிட்டால் அது மூடிய ஹெட்போன். பின்புறத்தைக் கம்பிவலையாக விட்டு ஒலியை வெளியே போகவிட்டால் அது திறந்த ஹெட்போன். கிண்ணம் வைத்து, அதிற் சிறு துளைகளிட்டு, கம்பளித் துணி போன்ற தடுப்பின் வழியாக அளவோடு ஒலியைக் கசியவிட்டால் அது அரைத்திறப்பு ஹெட்போன்.

தொடக்கத்தில் இருந்தவை பெரும்பாலும் மூடியவை. 1937இல் ஜேர்மனியில் வெளிவந்த பேயர்டைனமிக் டி.டி. 48, அசையுஞ்சுருள் முறையில் அமைந்த முதல் ஹெட்போனாகக் கொள்ளப்படுகிறது. 1958இல் அமெரிக்காவில் ஜோன் கொஸ், இரு காதுக்கும் வேறுவேறு ஒலி தரும் ஸ்டீரியோ ஹெட்போனை இசை கேட்போருக்காக அறிமுகஞ் செய்தார். 1968இல் ஜேர்மனியின் சென்ஹைசர் நிறுவனம் எச்.டி. 414 என்ற கருவியை வெளியிட்டது. பின்புறம் திறந்த ஹெட்போன்களின் வரலாறு அதிலிருந்தே தொடங்குகிறது. பாரமற்ற உடலும் மஞ்சள் நிறப் பஞ்சுத் திண்டும் உடைய அந்தக் கருவியின் மின்மறுப்பு 2000 ஓம். படிகப் பெட்டிக் காலத்தின் எண்ணை அது நினைவூட்டுகிறது. 1970களின் நடுவில் வியன்னாவின் ஏ.கே.ஜி. நிறுவனத்திலிருந்து கே 240 வந்தது. அரைத்திறப்பு வகைக்கு உலகெங்கும் உள்ள ஒலிப்பதிவுக் கூடங்களில் இடம்பிடித்துக் கொடுத்தது அதுவே.

திறந்த ஹெட்போனின் சிறப்பு என்ன? பின்புற ஒலி கிண்ணத்திற் பட்டுத் திரும்பி வந்து முன்புற ஒலியோடு கலப்பதில்லை. ஆகவே ஒலி குடத்துக்குள் பேசுவதுபோல் இராமல், திறந்த முற்றத்திலே பேசுவதுபோல் இருக்கிறது. பாடகர் ஓரிடத்திலும் பக்கவாத்தியம் வேறோரிடத்திலும் இருப்பது தெளிவாகிறது. காதும் வேர்ப்பதில்லை, சித்திரை வெயிலில் இதன் அருமை தெரியும். மூக்குக்கண்ணாடி அணிவோருக்கு இன்னொரு நன்மையும் உண்டு. கண்ணாடியின் காம்பு திண்டைச் சிறிது தூக்கிவிட்டாலும், மூடிய ஹெட்போனிற் கீழ்ச்சுருதி ஒழுகிப்போவதுபோல் இதில் அவ்வளவாக ஒழுகிப்போவதில்லை.

ஆனால் வெளியே போகும் வழி உள்ளே வரும் வழியும் ஆகும். கேட்பவரின் பாட்டு பக்கத்திற் படுத்திருப்போருக்குக் கேட்கும். பக்கத்தில் நிற்போரின் பேச்சு கேட்பவருக்குக் கேட்கும். மிக ஆழ்ந்த கீழ்ச்சுருதியும் திறந்த கருவிகள் பலவற்றில் மெலிந்தே ஒலிக்கும். அரைத்திறப்பு வகை இந்தக் கடைசிக் குறையை ஓரளவு நிரப்புகிறது. பின்புறக் காற்றுக்கு அளவான தடை இருப்பதால், வடிவமைப்பாளர் கீழ்ச்சுருதியைத் தாம் விரும்பிய அளவிற்கு நிறுத்திவைக்கலாம். தவிலின் தொப்பிப் பக்கத்து முழக்கம், மிருதங்கத்தின் கும்கி ஆகியன இதிற் சற்று உடலோடு ஒலிக்கும்.

அரைத்திறப்பு என்ற சொல்லைக் கேட்டுப் பலர் மயங்குவதுண்டு. வெளியோசையிற் பாதியை அது தடுக்கும் என்று அவர்கள் எண்ணுகின்றனர். அப்படியன்று. அச்சொல் ஒலிச் சுவையைப் பற்றியது. அமைதியைப் பற்றியது அன்று. வெளியோசையை விடுவதில் அரைத்திறப்பு, மூடியதைவிடத் திறந்ததற்கே அண்மையானது. எத்தனை துளை இருந்தால் அரைத்திறப்பு என்று கூறும் பொதுவான அளவுகோலும் இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி அப்பெயரைச் சூட்டுகிறது. ஆகவே பெயரைக் கேட்டுத் தீர்மானியாமல், காதில் வைத்துக் கேட்டே தீர்மானித்தல் வேண்டும்.

இப்போது மண்டைதீவு வீட்டுக்குத் திரும்பலாம். சோளகம் அடிக்கும் மாதங்களில் விறாந்தையில் இருந்து கேட்பவருக்குத் திறந்ததும் ஆகாது, அரைத்திறப்பும் ஆகாது. வலையின்மேற் காற்று உரசும் ஒலியே உள்ளே புகுந்துவிடும். அதனை மறைப்பதற்கு ஒலியைக் கூட்டுவார். கூட்டக் கூட்டக் காதுக்குக் கேடு. அத்தகைய இடத்துக்கு மூடிய ஹெட்போனே தகும். முதியவர் ஒருவரின் பேச்சை அவர் முன்னிலையிலேயே இருந்து ஒலிப்பதிவு செய்பவருக்கும் மூடியதே தகும். திறந்ததை அணிந்தால் அதிலிருந்து கசியும் ஒலி மைக்கிலே மீண்டும் புகுந்து பதிவைக் கெடுத்துவிடும்.

இரவு ஊரடங்கிய பின், யன்னலைச் சாத்திய தனியறையிற் பழைய கசெற்றைக் கேட்டு எழுதுபவருக்குத் திறந்த ஹெட்போன் நல்ல துணை. மணிக்கணக்காக இருந்தாலும் காது களைப்பதில்லை. வீட்டிற் குழந்தையையோ நோயாளரையோ பார்த்துக்கொண்டே கேட்க வேண்டியவருக்கும் அதுவே ஏற்றது. படலை திறக்கும் ஓசையும், உள்ளிருந்து கூப்பிடும் குரலும் அவருக்குக் கேட்கும். நாதஸ்வரமும் தவிலும் விரும்பிக் கேட்பவர், அமைதியான அறையும் தமக்கு உண்டெனில், அரைத்திறப்பை நாடலாம். அளவெட்டி என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்தையும், 1975இல் மறைந்த தவில்மேதை தெட்சணாமூர்த்தியின் தவிலையும் பதிவுகளாற் கேட்கும் ஒருவர், இரண்டு வகையையும் மாறிமாறி அணிந்து பார்த்தால், எது தம் காதுக்கு இசைந்தது என்பதை விரைவில் அறிந்துகொள்வார். இரண்டுக்கும் இடையில் உயர்வு தாழ்வு இல்லை; பயன் வேறுபாடே உண்டு.

ஹெட்போன் முடிவானபின் பெருக்கியைப் பற்றிய கேள்வி வருகிறது. அம்பிளிஃபயர் என வழங்கும் பெருக்கி எல்லோருக்கும் தேவையா? விடை இரண்டு எண்களில் இருக்கிறது. ஒன்று ஹெட்போனின் மின்மறுப்பு. அது ஓம் என்ற அளவிற் சொல்லப்படும். மற்றையது உணர்திறன், குறித்த அளவு மின்சாரம் கொடுத்தால் எத்தனை டெசிபல் ஒலி எழும் என்பதை அது சொல்லும். மின்மறுப்புக் கூடியது இயக்கக் கடினமானது என்று பொதுவாகச் சொல்வதுண்டு. அது அரையுண்மையே.

உதாரணமாக இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்ளலாம். சென்ஹைசர் எச்.டி. 650 திறந்த வகை. மின்மறுப்பு 300 ஓம். 1 வோல்ற் கொடுத்தால் 103 டெசிபல் ஒலி தருவது. ஏ.கே.ஜி. கே 240 ஸ்டூடியோ அரைத்திறப்பு வகை. மின்மறுப்பு 55 ஓம். 1 வோல்ற் கொடுத்தால் 104 டெசிபல் தருவது. ஒரே அழுத்தத்தில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு ஒலியைத் தருகின்றன. ஆனால் முதலாவது உறிஞ்சும் மின்னோட்டம் 3 மில்லி அம்பியருக்குச் சற்றுக் கூட. இரண்டாவது உறிஞ்சுவது 18 மில்லி அம்பியர். முன்னையதற்கு அழுத்தம் வேண்டும். பின்னையதற்கு மின்னோட்டமும் வேண்டும். ஆழமான கிணற்றிலிருந்து சிறு வாளியால் அள்ளுவதும், ஆழமற்ற கிணற்றிலிருந்து பெரு வாளியால் அள்ளுவதும் போன்றன இவை. இரண்டுக்கும் கைப்பலம் வேண்டும். வேண்டும் விதம் வேறு.

எவ்வளவு ஒலி தேவை என்பதையும் கணக்கிடலாம். சராசரியாக 75 டெசிபல் அளவிலே கேட்பவருக்கு, இசையின் உச்சங்கள் அதற்கு மேல் 20 டெசிபல் வரை எழலாம். அதாவது 95 டெசிபல். எச்.டி. 650இல் அதற்கு 0.4 வோல்ற் போதும். கைத்தொலைபேசியோடு வரும் சிறு இணைப்பிகள் பல அரை வோல்ற் முதல் ஒரு வோல்ற் வரை தரவல்லன. ஆகவே நன்கு பதிவான பாட்டொன்றை அமைதியான அறையிற் கேட்பவருக்குத் தனிப் பெருக்கி தேவைப்படாமலே போகலாம்.

பழைய கசெற்றின் நிலை வேறு. அதிற் குரல் மிகத் தாழ்வாகவே பதிந்திருக்கும். அதனை எடுத்துக் கேட்க இன்னும் 10 டெசிபல் வேண்டும் எனக் கொண்டால், எச்.டி. 650க்கு 1.26 வோல்ற் தேவை. கே 240 ஸ்டூடியோவுக்கு ஏறக்குறைய 1.1 வோல்ற்றும் 20 மில்லி அம்பியரும் தேவை. இங்கேதான் கைத்தொலைபேசி களைத்துப்போகிறது. பெருக்கி தன் வேலையைத் தொடங்குகிறது. ஆயினும் இந்தத் தேவையைச் சக்தியாக எழுதினால், முன்னையதற்கு 5 மில்லிவாற்றும் பின்னையதற்கு 23 மில்லிவாற்றும் ஆகும். ஒரு வாற், இரண்டு வாற் என்று விளம்பரஞ் செய்யப்படும் பெருக்கிகள் இதற்கு வேண்டியதில்லை. ஒரு முழு வாற்றைக் கே 240இற் செலுத்தினால், கணக்கின்படி எழும் ஒலி 121 டெசிபல். அது காதைக் கெடுக்கும் ஒலி. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்ற முதுமொழி பெருக்கி வாங்குவோருக்கும் பொருந்தும்.

மூன்றாவது எண் ஒன்றும் உண்டு. அதனைக் கடையிற் பெரும்பாலும் சொல்லமாட்டார்கள். அது பெருக்கியின் வெளியீட்டு மின்மறுப்பு. அது ஹெட்போனின் மின்மறுப்பில் எட்டில் ஒரு பங்குக்கு மேற்படாதிருத்தல் நன்று. 55 ஓம் கருவிக்கு 7 ஓமும், 300 ஓம் கருவிக்கு 37 ஓமும் எல்லை எனக் கொள்ளலாம். காரணம் இதுதான்: ஹெட்போனின் மின்மறுப்பு எல்லாச் சுருதியிலும் ஒரே அளவில் நிற்பதில்லை. ஒரு கருவி நடுச்சுருதியில் 32 ஓமும் கீழ்ச்சுருதியில் 64 ஓமும் காட்டுகிறது எனக் கொள்ளலாம். அதனை 120 ஓம் வெளியீடுடைய பெருக்கியிலே தொடுத்தால், கீழ்ச்சுருதி நான்கு டெசிபலுக்கு மேல் வீங்கிவிடும். பேச்சு தொண்டைக்குள் நின்று முழங்கும். பழைய கூடத்து றேடியோக் கருவிகளின் ஹெட்போன் துளைகள் பலவற்றில், நூறு ஓமுக்கு மேற்பட்ட தடை உள்ளே வைக்கப்பட்டிருந்தது. அத்தகைய கருவியை வீட்டில் வைத்திருப்போர் 300 ஓம் அல்லது 600 ஓம் ஹெட்போனைத் தேடுவதே அறிவுடைமை. அங்கே வீக்கம் மிகக் குறைவு. பேயர்டைனமிக்கின் டி.டி. 880 என்ற அரைத்திறப்பு ஹெட்போன் 32, 250, 600 ஓம் என மூன்று அளவுகளில் விற்கப்பட்டதன் கருத்தும் இதுவே. ஒரே கருவியை வெவ்வேறு மூலங்களுக்கு இசைவிப்பதற்காகவே அவ்வாறு செய்தனர்.

வாங்குமுன் சோதிக்கும் முறை எளிது. இசையைக் கேட்பதற்கு முன் தமிழ்ப் பேச்சைக் கேட்டல் வேண்டும். செய்தி வாசிப்பவரின் குரலில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் தனித்தனியே தெரிகின்றனவா? வல்லின றகரமும் இடையின ரகரமும் பிரிகின்றனவா? சகரம் ஊசிபோற் குத்துகிறதா? இவ்வெழுத்துகளின் வேறுபாடு பெரும்பாலும் நடுச்சுருதியின் மேற்பகுதியிலே தங்கியுள்ளது. கீழ்ச்சுருதி வீங்கிய கருவி அப்பகுதியை மூடிவிடும். பின்னர், ஒலியைக் கூட்டாமல் பாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டல் வேண்டும். பெருக்கியிலிருந்து இரைச்சல் வருமாயின், அதன் பெருக்கம் அந்த ஹெட்போனுக்கு மிகையானது. கூடிய பெருக்கம், குறைந்த பெருக்கம் என இரு நிலை உடைய பெருக்கியாயின் குறைந்ததை வைத்துக் கேட்டுப் பார்க்கலாம்.

தீவு வீட்டுக்கு உரிய பராமரிப்பு ஒன்றும் உண்டு. கடற்காற்றில் உப்பு இருக்கிறது. திறந்த கருவியும் அரைத்திறப்புக் கருவியும் தம் துளைகளின் வழியே அந்த ஈரத்தையும் நுண்மணலையும் உள்வாங்கும். கேட்டு முடிந்ததும் துணியாற் சுற்றி, மூடியுள்ள பெட்டியில் வைத்தல் நன்று. புதிய சப்பாத்துப் பெட்டிகளிற் கிடைக்கும் ஈரமுறிஞ்சும் சிறு பொதிகளை அதனுட் போட்டுவைக்கலாம். செருகும் முனையை அடிக்கடி உலர்ந்த துணியாலே துடைத்தல் வேண்டும். ஒரு பக்கம் ஒலி விட்டுவிட்டு வருமாயின், முதலிற் சந்தேகிக்க வேண்டியது பெருக்கியை அன்று. உப்புப் பூத்த அந்த முனையையே. கம்பியைக் கழற்றி மாற்றக்கூடிய கருவியும், திண்டு தனியே விற்கப்படும் கருவியும் நீண்டகாலம் உழைக்கும். கடைக்கு நகரம் போக வேண்டியவருக்கு இது சிறிய வசதி அன்று.

எல்லாவற்றுக்கும் மேலாகக் காதைக் காத்தல் வேண்டும். வாரத்துக்கு 40 மணிநேரம் கேட்கும் வளர்ந்தோருக்கு 80 டெசிபலும், சிறுவருக்கு 75 டெசிபலும் எல்லை என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ளது. ஒலி ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் கேட்கத்தக்க நேரம் பாதியாகக் குறைகிறது. 80 டெசிபலில் 40 மணிநேரம் என்றால், 83இல் 20 மணிநேரம்; 86இல் 10 மணிநேரம்; 89இல் 5 மணிநேரம். நல்ல பெருக்கி ஒலியை உடைக்காமற் கூட்டித் தருவதால், கூட்டியது தெரியாமலே போகும். மலிவான கருவி கரகரத்து எச்சரிக்கும். நல்ல கருவி எச்சரிக்காது. வள்ளத்து இயந்திரத்தின் அருகே ஆண்டுக்கணக்காக உழைத்தவரின் காது ஏற்கனவே மேற்சுருதிகளை இழந்திருக்கலாம். அவருக்கு ஒலியைக் கூட்டிக் கொடுப்பதிலும் பார்க்க, அமைதியான அறையையும் தெளிவான கருவியையும் கொடுப்பதே உதவி.

ஆகவே வரிசை இதுவாக இருத்தல் வேண்டும். முதலில் இடத்தைப் பார்த்தல். காற்றும் ஓசையும் உள்ள இடமாயின் மூடியது, அமைதியான இடமாயின் திறந்தது அல்லது அரைத்திறப்பு. அடுத்துப் பொருளைப் பார்த்தல். பேச்சுக்கும் நெடுநேர எழுத்துவேலைக்கும் திறந்தது, முழவொலி மிகுந்த இசைக்கு அரைத்திறப்பு. மூன்றாவதாக ஏற்கனவே வீட்டில் இருக்கும் மூலத்தைப் பார்த்தல். அதுவே போதுமாயிற் பெருக்கிக்குப் பணஞ் செலவிட வேண்டியதில்லை. போதாதாயின், தேவையான அழுத்தத்தையும் மின்னோட்டத்தையும் கணக்கிட்டு, வெளியீட்டு மின்மறுப்புக் குறைந்த ஒன்றை வாங்குதல். விலை இவை எல்லாவற்றுக்கும் பின்னர் வருவது.

சைக்கிள் மிதித்துச் செய்தி கேட்டவர்கள் கையிலே கிடைத்ததைக்கொண்டு பொருத்தம் கண்டார்கள். இன்று கிடைப்பவை பல. பொருத்தம் காணும் பொறுமை மட்டும் அருகிவிட்டது. அலுமாரியிற் கிடக்கும் ஒலிநாடா நாளுக்கு நாள் மங்கிக்கொண்டே போகிறது. அதிற் பேசும் தாயொருத்தி தன் மகனின் பெயரைச் சொன்னாளா, வேறொரு பெயரைச் சொன்னாளா என்பது ஒரு ளகரத்திலோ ழகரத்திலோ தங்கியிருக்கலாம். அந்த ஓர் எழுத்தைத் தெளிவாகக் கேட்கச் செய்யும் கருவியே அந்த வீட்டுக்கு உயர்ந்த கருவி.